இளகாத கஞ்சி

சேவூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள தேஜு அப்பாவுக்கு,

தேஜு இப்போதுதான் தூங்கினாள். சளி விட்டுவிட்டது. கேழ்வரகுக் கூழைத்தான் இன்னும் துப்புகிறாள்; எடை ஏறவில்லையோ என்று பயமாகவே இருக்கிறது. போனில் எதைச் சொன்னாலும் "போகட்டும் விடு வினிதா" என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். அதனால் விடுப்பு முடிந்து உங்களிடம் ஜோர்டான் திரும்பும் அருள்செல்வனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பண்ணையில் போன ஈற்றுப் பன்றிக்குட்டிகள் செத்ததை நீங்கள் மறந்திருக்கலாம். பால் மறந்த பன்றிக்குட்டிக்குத் தீவனம் சட்டென்று செரிக்காது. செரிக்காதது குடலில் தங்கினால் கிருமி பெருகும், கழிச்சல் வரும். அதற்காகத்தான் உங்கள் அண்ணன் தீவனக் கடையில் செரிக்கவைக்கும் என்சைம் பவுடர் வாங்கிக் கலந்தேன். அப்படியும் கழிந்து கழிந்து ஒவ்வொன்றாய்ச் சுருண்டன.

அதற்கு அவர் சீர் வீட்டுப் பந்தியில் சொன்னதைக் கேளுங்கள். "பெத்த புள்ளைக்கே வெரசாப் பால் மறக்கடிச்சவ, பன்னிக்குட்டியவா காப்பாத்தப் போறா?" பந்தியே சிரித்தது. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றியது அவருக்குத் தெரியும். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன்.

வந்து, கல்லூரியில் செய்ததுபோலச் சோதித்தேன். அசல் என்சைம் என்றால் கஞ்சியை இளக்கிவிடும். இரண்டு டம்ளரில் வெதுவெதுப்பான அரிசிக்கஞ்சி. நாமக்கல்லிலிருந்து வரவழைத்த என்சைம் தூள் விழுந்த கஞ்சி தண்ணீராய் இளகியது. அண்ணன் கடைத் தூள் விழுந்தது பசைபோல் அப்படியே நின்றது. வெறும் மரவள்ளி மாவு! கொண்டுபோய்க் காட்டினேன். "யாவாரம்னா அப்படி இப்படித்தான் அம்மிணி, பெருசு பண்ணாத" என்று சிரித்தார்.

நாமக்கல் தூளில் நம் இந்த ஈற்றுக் குட்டிகள் தேறிவிட்டன. இப்போது அவரும் பன்றிப் பண்ணை போட்டிருக்கிறார். பால் மறக்கடித்த குட்டிகளுக்குக் கழிச்சல். நேற்று மனைவி சித்ராதேவி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். "ஏனம்மிணி, உன்ற குட்டியெல்லாம் கொழுகொழுன்னு நிக்குது. என்னத்தக் கலக்கற?"

"வாங்க மாமா" என்று உட்காரவைத்து மோர் கொடுத்தேன். உள்ளே போய், அவர் கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த பொட்டலத்தைத் தட்டில் வைத்து நீட்டினேன். "உங்க கடைச் சரக்குத்தானுங் மாமா. ராசியான கையாச்சுங்களே."

பாவம், அக்காவுக்கு எதுவும் தெரியாது. "அட, நம்ம கடைல மூட்டை மூட்டையாக் கெடக்குது! இதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார். மனைவி எதிரில் தன் சரக்கே போலி என்று சொல்ல அவருக்கு வாயில்லை. வாங்காமல் போகவும் வழியில்லை. டம்ளரிலிருந்த மோர் வேட்டியில் சிந்தியது. அந்த முகத்தைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போய்விட்டீர்கள். நேற்று வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

இன்று காற்று அவர் தோட்டத்துப் பக்கமிருந்து அடிக்கிறது. குட்டிகள் கத்துவது கேட்கிறது. பால் மறந்த வாரத்தில் தேஜு அழுததுபோலவே இருக்கிறது. நல்ல நாமக்கல் பொட்டலம் அலமாரியில், அவளுடைய கேழ்வரகு மாவு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் எடுக்கமாட்டேன்.

கடிதமாக எழுதுவதற்கு உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போனில் சொன்னால் அண்ணனுக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சொல்வீர்கள். நீங்கள் சொன்னால் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் எதுவானாலும் முடிந்திருக்கும். நாளை கூப்பிடும்போது தேஜுவைப் பற்றி மட்டும் கேளுங்கள். என் குரல் ஒரு மாதிரி இருந்தால் ஏனென்று கேட்காதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களைக் காக்கட்டும். அந்தக் குட்டிகளையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள்
வினிதா