பூங்கொடி அக்காவின் சர்க்கரை பிஸ்கட்

அன்பான பூங்கொடி அக்காவுக்கு,

அக்கா என்று அழைக்கலாமா? நாம் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் கழித்து, உங்கள் வீட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வெள்ளகோவிலிலிருந்து கோயம்புத்தூருக்கு, இந்த வீட்டுக்கு வந்தவள் நான். வந்து எட்டு மாதம் ஆகிறது.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நித்யா ஆறாம் வகுப்பு முடித்துவிட்டாள். முகிலன் ஒன்றாம் வகுப்புக்குப் போகப்போகிறான். அவன் என்னிடம் ஒட்டிக்கொண்டான். நித்யா நான் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள், அதுவும் 'சரிங்க', 'வேண்டாங்க' என்று. கோபமா, பயமா, எனக்குப் புரிந்ததே இல்லை.

போன வாரம் முகிலன் பரண் மேலிருந்த உங்கள் வட்ட ஓவனைக் காட்டி, "சித்தி, அம்மா செய்யற சர்க்கரை பிஸ்கட் செஞ்சு குடுங்க" என்றான். நீங்கள் அதை எப்படிச் செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"டீயில தொட்டுத் திம்பேன். எப்படிச் செஞ்சாள்னு நான் எங்க பார்த்தேன்?" என்று சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் போட்டு ஒரு குத்துமதிப்பாகப் பிசைந்தேன். முகிலன் உருட்டி உருட்டித் தட்டில் வைத்தான். ஓவனுக்குள் எல்லாம் உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே அடையாகி ஓரம் கருகிப்போனது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நித்யாவால் பொறுக்க முடியவில்லை.

"சர்க்கரையப் பொடிச்சுப் போடோணுங்க. முழுசாப் போட்டா இப்படித்தான் பரவிப்போயிரும்."

எட்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அதுதான், அக்கா.

"அப்ப நீயே வந்து சொல்லிக் குடு அம்மணி" என்றேன். சர்க்கரையை அவளே மிக்ஸியில் பொடித்தாள். மாவைத் தேய்த்து, பாட்டில் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டினாள். முகிலன் ஒரு பஸ் செய்தான். அதற்குச் சக்கரம் மூன்றுதான். அவன் மூக்கெல்லாம் மாவு. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டாவது தட்டு பொன்னிறமாக வந்தது. முகிலன் ஒன்றைக் கடித்தான்.

"அம்மா செஞ்சதவிட இது நல்லா இருக்குது சித்தி!"

நித்யா அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அழுகிறான். நான் கைப்பிடித் துணியோடு நடுவில் நிற்கிறேன். யாரிடம் முதலில் போவது? அவன் சொன்னது ஒரு நொடி எனக்கு இனித்ததே, அது தப்பா?

சாயங்காலம் அவளாகவே வெளியே வந்தாள்.

"அவனுக்கு அம்மா பிஸ்கட் ஞாபகமே இல்லீங்க. மூணு வயசுல என்ன தெரியும்? எல்லாம் நான் சொல்லிச் சொல்லித்தான்."

"சரி கண்ணு, நீ தின்னு பாரு. அதே மாதிரி இருக்குதான்னு நீ சொல்லு."

ஒன்றை எடுத்துக் கடித்தாள். வெகுநேரம் மென்றாள். பிறகு முகம் கோணியது.

"தெரியலீங்க சித்தி. எனக்கும் மறந்துபோச்சுங்க."

அப்படியே என் மடியில் விழுந்து அழுதாள். இத்தனை மாதமும் நான் ஏங்கியது அந்த நெருக்கத்துக்குத்தான். அது இப்படியா வரவேண்டும்? அவளை அணைத்தபோது உங்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்ட மாதிரியும் இருந்தது, உங்களுக்காக எதையோ செய்கிற மாதிரியும் இருந்தது. இன்னும் எனக்குத் தெளியவில்லை.

ஏலக்காய் போடுவீர்களா? ஒரு சிட்டிகை உப்பு? தொண்டாமுத்தூரில் இருக்கும் உங்கள் தங்கைக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நான் வந்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. நேற்று தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டேன். "ஏனுங்க, நித்யாவோட சித்தி பேசறனுங்க" என்றதும் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நித்யாவுக்குச் சித்தி அவரல்லவா?

வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தொண்டாமுத்தூருக்குப் பஸ் ஏறப்போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். கதவைத் திறக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போவோம். உங்கள் பிள்ளைகள் உங்களை மறக்க விடமாட்டேன், அக்கா. அதற்கு நான் அவர்களுக்கு யாராக இருக்கவேண்டும் என்றுதான் தெரியவில்லை. இருந்து பார்க்கிறேன்.

உங்களுக்கு இன்னொரு தங்கையாக,
ஈஸ்வரி