காத்தாடி போடும் நேரம்

12.3.1984, திங்கள்
இந்த நேரத்துக்கு எழுதுகிறேன், மன்னித்துக்கொள் நீலா. நாட்குறிப்புதான், ஆனாலும் காலேஜில் செய்ததுபோல் பக்கங்களைக் கிழித்து உனக்கே அனுப்புவேன். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீ பினாங்கிலிருந்து அனுப்பிய எட்டு மெமரி சிப்பையும் நான் வரைந்த சர்க்யூட் பலகையில் பற்றவைத்து, உன் முதலாளி இரவல் தந்த கம்ப்யூட்டரில் செருகினேன். டிவி திரையில் 64 கே, முழு மெமரியும்! வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு கையைக் கழுவினேன், திரும்பத் திரும்ப. ஈயம் தொட்ட கை. பாப்பாவைத் தொடலாமா?

13.3
மெமரி முழுக்க ஒரே எழுத்தை நிரப்பி வைத்தேன். பகலெல்லாம் அப்படியே இருந்தது. சாயங்காலம் பார்த்தால் திரையில் குப்பை. என் வரைபடமே தப்பா?

14.3
இன்றும் சாயங்காலம்தான். பனி இறங்குவதாலா? வெள்ளிக்கிழமை லாரியில் மாதிரிப் பலகை போயாக வேண்டும். சரியாக ஓடினால் வீட்டிலிருந்தே வரைந்து தரும் வேலை எனக்கு, பிந்தினால் வேறு ஆளுக்கு - உன் முதலாளி சொன்னதுதானே. இந்தத் தேயிலை எஸ்டேட்டுக்கு வாழ வந்தபின் வேறெது வந்தது எனக்கு?
மாமியார்: "பெட்டிக்கா தாலாட்டு பாடுற? புள்ள அழுவுது பாரு!"

15.3
கண்டுபிடிச்சிட்டேன்! பாப்பா பல்பைப் பார்த்துக் கை தட்டினாள். பல்பு மங்கி எழுந்தது. அதே கணம் திரை குலைந்தது. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் காத்தாடிகளைப் போடும் நேரம். தினமும் மங்குவதுதான், நான்தான் கவனிப்பதையே விட்டுவிட்டேன். சுவிட்சைப் போடுவது யார்? ஃபேக்டரி வயர்மேன் - என் வீட்டுக்காரர்!
"கொஞ்சம் பிந்திப் போடக்கூடாதா?"
"அப்புறம் கொழுந்துக்குப் பதிலா துரை என்னை வாட்டிடுவாருலா." பிறகு மெதுவாக, "பினாங்குல லைட்டு மங்காது. அப்படியே அனுப்பிடு. யாருக்குத் தெரியும்?"
யாருக்கும் தெரியாதுதான். ஆனால் பலகை கம்ப்யூட்டரிடமிருந்தே கரண்டை இழுக்கிறது, மங்கினால் போதவில்லை. அது என் தப்பு. லைட்டு மங்கும் ஊரில் ஒருத்தி இதை வாங்கினால்?

16.3, வெள்ளி
லாரி போய்விட்டது. அனுப்பவில்லை.

19.3, திங்கள்
நேற்று இவர் தன் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார். "கழட்டிக்கோ. பாட்டு கேக்காட்டி செத்தா போயிடுவேன்?" அதன் டிரான்ஸ்பார்மரை எடுத்துப் பலகைக்குத் தனிக் கரண்டு கொடுத்தேன். இன்று சாயங்காலம் காத்தாடி போட்டார். பல்பு மங்கியது. பாப்பா கை தட்டினாள். திரையில் ஒரு எழுத்துகூட அசையவில்லை.
பலகை நாளைக் காலை பக்கத்து ஊர் திரிங்காப்பின் காய்கறி லாரியில் வருகிறது, இந்தப் பக்கங்களோடு. ஏன் பிந்தியது என்று உன் முதலாளியிடம் மறைக்காமல் சொல். அந்த வேலை இன்னும் இருக்கிறதா நீலா? சீக்கிரம் பதில் போடு.