அரைக் கிலோ மன்னிப்பு

பீரோவைத் திறந்ததும் தைல வாசனை. உங்கள் தோளுக்குத் தேய்த்துவிட்ட பாட்டிலின் மூடி தளர்ந்து, கீழே இருந்த சேலை நனைந்து கிடக்கிறது. துவைக்கப் போட மனசில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் நீங்கள் ஒரு ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை. நம் காய்கறிக் கடையில் பேரம் பேச வருகிறவர்கள்கூட உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனுசன், வடமதுரை ரோட்டில் வண்டியோடு விழுந்து தலையில் தையலோடு வீடு வந்த பிறகு வாய் ஓயவில்லை. பால்காரரிடம் கேலி, போஸ்ட்மேனிடம் கேலி. பிழைத்த சந்தோசம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அடுத்த மாதம் என் அண்ணன் போய்விட்டார். ஒப்பாரிக்கு நடுவே, அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைத் தட்டி, "மச்சான் மட்டும் ஏசி போட்டுப் படுத்துக்கிட்டாரு. வந்தவுகளுக்கு ஒரு ஃபேன் உண்டா?" என்றீர்கள். ஒப்பாரி நின்றுவிட்டது. மதினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அண்ணனோடு இருந்த பழைய மனத்தாங்கலைத்தான் இப்படித் தீர்த்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். கருமாதி முடிந்தும் உங்களோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நீங்கள் தட்டிடம் ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருப்பீர்கள்.

மறுபடி தலையைக் காட்டப் போனபோது டாக்டரிடம் இதைச் சொல்லி அழுதேன். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "முன்பக்க மூளையில அடிம்மா. அவரு வேணும்னு பேசல. நிறுத்தவும் அவரால ஆகாது."

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேங்க, என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

"மன்னிப்பா? அரைக் கிலோ போடு. சொத்தை இல்லாமப் பாத்துப் போடு."

சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக். வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளிலும் கேட்டேன். "அதே சரக்கையே எத்தன தடவ கொண்டாருவ?" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

மதினிகூட இப்போது அந்த ஏசி கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் பாரம்தான் இறங்கவில்லை. அடிபடுவதற்கு முன்பெல்லாம், நான் கடைச் சாவியையே தொலைத்துவிட்டு நின்றாலும் நீங்கள் சொல்வது இரண்டே வார்த்தை: "சரி, விடு." அந்தக் குரலில் அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதுங்க எனக்கு.