மகளின் வெப் வேலையும் என் பிணையும்

18.02.2001 ஞாயிறு

இந்தக் கொப்பியை யாராவது திறந்து பார்த்தால் பொறுத்துக்கொள்ளவேண்டும். எழுத்து ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. அறுபத்தாறு வயதுவரை மண்வெட்டி பிடித்த கை இது. இவ்வளவு எழுதவே ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது, முதுகு வலிக்கிறது. ஆனாலும் என் பெயர் ராசு என்று நானே எழுதி நானே வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். ராஜினி ரீச்சரின் பெரியவர் வகுப்புக்கு ஏழு மாதம் போனதன் பலன்.

மனைவி சிவலட்சுமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கோர்ட்டுக்கா எழுதுறீங்க, இம்புட்டு கஷ்டப்பட்டு?"

21.02.2001 புதன்

வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தேன். களைப்பு. வேறொன்றுமில்லை.

25.02.2001 ஞாயிறு

மகள் சுமித்திரா வவுனியா டவுனில் கிருபன் தம்பியின் கொம்பியூட்டர் நிலையத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். வெப் பக்கம் செய்கிறாளாம். அது என்னவென்று நேற்றுத்தான் போய்ப் பார்த்தேன்.

இங்கிலீஷ் எழுத்தில் வரிவரியாக என்னவோ அடிக்கிறாள். இன்னொரு பொத்தானை அமத்தினால் அது மஹ்றூப் நானாவின் புடைவைக் கடையாக மாறுகிறது, படம், விலை எல்லாத்தோடும். லண்டனில் இருப்பவனும் பார்க்கலாமாம். நான் பார்த்தபோது கடை பாதியில் இடிந்து கிடந்தது.

"ஒரு குறியை மூட மறந்துபோனன் அப்பா. அதைத்தான் தேடுறன்."

"எவ்வளவு நேரமா?"

"காலமையில இருந்து."

எனக்கு விளங்கிவிட்டது. வரம்பில் எங்கோ ஒரு நண்டு வளை. வயல் முழுக்கத் தண்ணீர் வற்றிப்போகும், வரம்பு முழுக்கத் தடவிப் பார்க்கவேண்டும்.

கண்டுபிடித்து மூச்சு விட்டாள். அப்போது மஹ்றூப் நானா வந்தார். "பச்சை வடிவாத்தான் இருக்கு தங்கச்சி. நீலமாக்கினா என்ன?" போன கிழமை நீலத்தைப் பச்சையாக்கச் சொன்னவரும் இவர்தானாம்.

04.03.2001 ஞாயிறு

கொழும்பில் வெப் பக்கம் செய்கிற ஒரு கந்தோரிலிருந்து கடிதம். 12ஆம் திகதி திங்கள் காலை வந்து, அவர்கள் முன்னால் ஒரு பக்கம் செய்து காட்டவேண்டும். சரியென்றால் நிரந்தர வேலை. கிருபன் தம்பி ஆவணியில் கனடா போகிறார், நிலையத்தை மூடப்போகிறார். இது கிடைக்காவிட்டால் இவளுக்கு வேறு கொம்பியூட்டர் இல்லை. என்னோடு தோட்டம்தான்.

யுத்த காலம். வவுனியாவை விட்டுக் கொழும்புக்குப் போக அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போனவர் திகதிக்குத் திரும்பாவிட்டால் பிணை நின்றவர் பதில் சொல்லவேண்டும். நான் நிற்கிறேன்.

07.03.2001 புதன்

பாஸ் கந்தோர். வெயிலில் மூன்று மணித்தியாலம். சுமித்திரா போட்டோப் பிரதி எடுக்கப் போனாள். போகும்போது, "அடையாள அட்டையில இருக்கிற மாதிரி கைநாட்டே வையுங்கோ அப்பா" என்றாள்.

மேசையில் இருந்தவர் மைப்பெட்டியைத் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். "எழுதத் தெரியுங்க."

ராசு. இரண்டே எழுத்து. சட்டை நனைந்துவிட்டது. வரும்போது பஸ்ஸில் இடமில்லை, எங்கள் பூவரசங்குளம்வரை நின்றே வந்தேன். கால் வலித்ததே தெரியவில்லை. மகளிடம் சொல்லவில்லை. பாஸ் கையில் வந்தபிறகு சொல்லலாம்.

08.03.2001 வியாழன்

பாஸ் இல்லை.

"உங்கட அட்டையில பெருவிரல். இதில கையெழுத்து. ரெண்டும் ஒராள்தான் எண்டு ஆர் சொல்றது ஐயா?"

இப்போதே விரலை வைக்கிறேன் என்றேன். படிவம் பதிந்தாயிற்றாம். கிராம சேவகரின் கடிதம் கொண்டுவரவேண்டுமாம். அவர் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், கூட்டத்துக்குப் போய்விட்டார். நாளை போயா விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு.

சுமித்திரா அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் சொல்லிப்போட்டுத்தானே போனனான்?" பிறகு என்னை விட்டுவிட்டு முன்னால் பஸ்ஸுக்கு நடந்தாள்.

12.03.2001 திங்கள்

மணி பத்து. அங்கே தொடங்கியிருப்பார்கள். அவள் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறாள்.

15.03.2001 வியாழன்

ஏன் போட்டேன்? அந்த ரெண்டு எழுத்த போடாட்டி செத்தா போயிருப்பேன்? அந்த அட்டை கிடைக்க எத்தனை வருசம் அலைஞ்சேன் — மலைநாட்டுல இருந்து வந்தவனுக்கு நாட்டுக்காரன்னு ஒரு அட்டை — அதுல இருக்குற விரலை நானே வேணாம்னு தள்ளினேனே.

சிவலட்சுமி, "ஒங்கள யாரும் ஏசல. சாப்பிடுங்க" என்றாள். ஏசியிருந்தால் நல்லது.

17.03.2001 சனி

தனியாகப் போய்க் கிருபன் தம்பியைக் கண்டேன். "தம்பி, பிழை என்னோடது. பிள்ளையோடது இல்லைன்னு அவங்களுக்குச் சொல்லுங்க."

"உங்களை ஏசிறதே, இல்லாட்டி அவங்களோட பேசிறதே எண்டு தெரியேல்லை ஐயா" என்று சொல்லிக்கொண்டே ரெலிபோனை எடுத்தார். நெடுநேரம் கதைத்தார். வேலைக்கு இன்னும் ஆள் எடுத்து முடியவில்லையாம். பக்கத்தை இங்கிருந்தே செய்து அனுப்பட்டும், பிடித்தால் கூப்பிடுகிறோம் என்றார்களாம்.

29.03.2001 வியாழன்

பத்து நாளாக அவளோடு போய் வாசலில் ஒரு கதிரையில் இருக்கிறேன். என்னால் ஆவது ஒன்றுமில்லை. தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறேன்.

வெயில் படாத வேலை என்று ஊரில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது கண் சிவந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் வருகிறாள். படத்தைச் சின்னதாக்க வேண்டும், இல்லாவிட்டால் திறக்க நேரமெடுக்கும். சின்னதாக்கினால் முகம் தெரியாது. இங்கே சரியாக வந்தது பக்கத்துக் கொம்பியூட்டரில் கோணலாக வருகிறது. திரும்ப முதலிலிருந்து.

இன்று அனுப்பினாள். ரெலிபோன் லைன் மூன்று தரம் அறுந்தது. நாலாம் தரம் போய்ச் சேர்ந்தது. மேசையில் தலை வைத்து அப்படியே இருந்தாள். "அப்பா, பசிக்குது" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவளாக என்னோடு கதைத்தது இதுதான்.

10.04.2001 செவ்வாய்

18ஆம் திகதி வரச் சொல்லிவிட்டார்கள்.

பாஸ் கந்தோரில் அதே ஆள். மைப்பெட்டியை நானே இழுத்தேன்.

"எழுதத் தெரியும் எண்டீங்கள்?"

"தெரியும்" என்றேன். விரலை அமத்தினேன். ஏழு நாள் பாஸ்.

23.04.2001 திங்கள்

சொன்ன நேரத்துக்கு நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி.

"வேலை தந்திட்டினம் அப்பா. ஆனா இந்தக் கிழமையே தொடங்கவேணுமாம். பாஸ் நாளையோட முடியுது. பிணை நீங்கள் எல்லோ. நான் வாறன்."

"வராத."

"அப்பா, உங்களை அங்க மறிச்சு வைச்சாங்கள் எண்டா?"

"வைக்கட்டும். பாஸை நீட்ட அங்க என்ன செய்யணுமோ அதைச் செய். இங்க நான் நிக்கிறேன்."

நாளை காலை நானாகவே பாஸ் கந்தோருக்குப் போய்ச் சொல்லவேண்டும். அவர்கள் தேடி வரக்கூடாது.

24.04.2001 செவ்வாய்

சத்தம் போட்டார்கள். மத்தியானம்வரை ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். வேலைக் கடிதம் கொழும்பில் பதிவாகி இங்கே வரும்வரை திங்கட்கிழமை தோறும் நான் வந்து முகம் காட்டவேண்டும். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

14.05.2001 திங்கள்

போன திங்கள் வெசாக் விடுமுறை, கந்தோர் பூட்டு. இன்று போனேன். இரண்டு பஸ், நாலு மணித்தியாலம் வரிசை. கடிதம் இன்னும் வரவில்லை.

மேசையில் அதே ஆள். "மகள் எங்கை?"

"கொழும்பில. வேலையில."

"அப்பிடி என்ன வேலை?"

நண்டு வளை, குறி, லைன் அறுவது, எனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். "சரி, அதைச் செய்து முடிச்சால் வந்திடுவாவோ?"

"முடியிற வேலை இல்லைங்க அது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் பதிவில் என்னவோ எழுதினார். தலைகீழாக இருந்தும் நான் வாசித்தேன்: மகள் தொழிலில்.

கால் வீங்கியிருக்கிறது. சிவலட்சுமி சுடுதண்ணீர் வைத்திருக்கிறாள். வருகிற திங்களும் போகவேண்டும். போய்வந்து, கால் விட்டால், அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.