பழுப்பு, கறுப்பு, சிவப்பு

ஜனவரி 9

அன்புள்ள ஷாக்குக்கு, டப்பா சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல் தங்கச்சி எழுதுவது.

ஆறு பெருகி சினிமாக் கொட்டகையின் முன்வரிசை பெஞ்சுகள் தெருவில் மிதந்ததே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அப்போதுதான். உன் மனைவிக்கு வலி எடுக்க, நான் ரொட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். உன் மகள் ரொட்டி வாசனையோடு பிறந்தாள். அந்த வருஷம்தான் நீ முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தாய். நம் நாலு பேர் கோஷ்டியில் நீ கிடார், தொண்டைக்குப் பாட்டு, இடிக்கு ட்ரம்ஸ். எனக்கு உன் பெட்டியைத் தூக்கும் உத்தியோகம். தூக்கித் தூக்கியே டப்பா ஆனேன். கரண்டில் அடிபட்டு அடிபட்டு நீ ஷாக் ஆனாய்.

இடி போன பிறகு, அவன் வீட்டில் கிடந்த உன் பழைய கிடாரை அவன் மனைவி என்னிடம் கொடுத்துவிட்டாள். நீ எனக்குக் காட்டிய அந்த ஒரே மெட்டு இன்னும் விரலில் இருக்கிறது. வெறுமனே தட்டினால் கொசு முனகுவதுபோல் கேட்கிறது. அதனால் நானே ஒரு பெட்டி செய்யப் போகிறேன். சிரி, சிரி.

போனில் என் குரல் உனக்குப் பிடிபடுவதில்லை, கடிதம் என்றால் ஆசையாகப் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். பல விஷயம் மறந்துபோகிறதாமே? என்னை மறப்பதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் எதிரில் வாசித்துவிட வேண்டும். எனக்கு எழுத்து ஆகாது என்று உனக்குத் தெரியும். உள்ளே போடவேண்டிய சாமான்களை நிறத்தைச் சொல்லி எழுது, போதும்.

உன்,
டப்பா

ஜனவரி 21

அடேய் டப்பா,

சிரித்தேன். சிரித்ததில் பல்செட் கழன்றுவிட்டது. ரொட்டி வண்டி ஓட்டிய மயிராண்டி ஆம்ப்ளிஃபயர் செய்கிறானாம்! அடுப்பில் வைத்து எடுத்தால் வெந்துவிடும் என்று நினைத்தாயா?

சரி, கேள். இரண்டு பலகை. சின்னது ப்ரீ-ஆம்ப். கிடாரின் முனகலைப் பேச்சாக்குவது அது. பெரிய பலகை அந்தப் பேச்சைக் கத்தலாக்கும். ரெஸிஸ்டர் என்பது கரண்டுக்குக் கடிவாளம். அதன்மேல் கோடு கோடாய் நிறம் இருக்கும், தங்கக் கோடு வலதுபக்கம் வரும்படி பிடித்துக்கொள். சின்னப் பலகைக்குக் கரண்ட் போகும் வழியில் போடவேண்டியது பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மற்றவற்றைப் பின்பக்கம் படமாக வரைந்திருக்கிறேன். ஈரக் கையோடு தொடாதே. அந்தப் பாடம் நான் உடம்பால் படித்தது.

இடி போன சேதியைப் படித்ததில் இருந்து காதில் அவன் ட்ரம்ஸ்தான். தொண்டை இதை எப்படித் தாங்குகிறான்? அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்.

உன்,
ஷாக்

பிப்ரவரி 11

அன்புள்ள ஷாக்குக்கு,

நீ என்னை ஏசிய ஒரு வார்த்தையை வாசிக்க மாட்டேன் என்று தங்கச்சி தாண்டிவிட்டாள். பரவாயில்லை, அது எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும்.

தொண்டை போய் ஆறு வருஷம் ஆகிவிட்டதேடா. மழைக்கு நடுவே பாடையை முன்னால் நீ தூக்கினாய், பின்னால் நான். உன் செருப்பு அறுந்தது. மறந்துவிட்டாயா?

வேலை நடக்கிறது. பெட்டிக்குப் பெரிய பிஸ்கட் டின். பழுப்புக்கும் சிவப்புக்கும் என் கண் தகராறு செய்கிறது. தங்கச்சி நூல்கண்டை எடுத்து ரெஸிஸ்டர் பக்கத்தில் வைத்து, "அண்ணே, இது செங்கல் நூல், இது ரத்த நூல்" என்று பிரித்துக் கொடுக்கிறாள். ஈயம் உருக்கி ஒட்டுவதற்குள் இரண்டு விரல் வெந்துவிட்டது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய், உப்பு வாங்க மறந்து திரும்பினேன்.

சத்தம் வருகிறது. ஆனால் கூடவே ஈ மொய்ப்பதுபோல் ஒரு ரீங்காரம். கிடாரைத் தொடாவிட்டாலும் மொய்க்கிறது. என்ன செய்ய?

உன்,
டப்பா

மார்ச் 1

டப்பா,

ரீங்காரம் எர்த்தில் இருந்து வருகிறது. எர்த் கம்பிகளைத் தகரத்தில் கண்ட இடத்திலும் கட்டியிருப்பாய். எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரே திருகில் கொண்டுவந்து சேர். ஈ பறந்துவிடும்.

இன்னொன்று. சின்னப் பலகைக்குப் போகும் வழியில் சிவப்பு என்று உனக்கு எவன் சொன்னான்? பழுப்பு, கறுப்பு, கறுப்பு. மாற்று. நான் சொல்லி என்றைக்காவது தப்பாகியிருக்கிறதா?

வரும்போது தொண்டையையும் இடியையும் கூட்டிக்கொண்டு வா. நாலு பேரும் சேர்ந்து எத்தனை நாளாயிற்று!

ஷாக்

மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

அப்பாவின் கடிதத்தை நானேதான் தபாலில் போட்டேன். தொண்டை மாமா இறந்ததை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் மறந்துவிட்டது. பிறகு மேஜையில் அதே கடிதத்தைப் பார்த்து, எடுத்துப் படித்து, அப்போதுதான் கேள்விப்படுபவர்போல மறுபடியும் அழுதார். "எங்கிட்ட ஏன்டி யாரும் சொல்லல?" என்று என்னைத் திட்டினார். அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இடி மாமா பற்றி எழுதிய கடிதத்தையும் சேர்த்து ஒளித்துவிட்டேன். இனிமேல் போனவர்களைப் பற்றி எழுதாதீர்கள்.

ஆம்ப்ளிஃபயர் பற்றி எழுத உட்காரும்போது மட்டும் பழைய அப்பாவாக இருக்கிறார். அதை நிறுத்திவிடாதீர்கள். சரியாகத்தான் எழுதுகிறாரா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் வாருங்கள் மாமா.

உங்கள் ரொட்டி மகள்

மார்ச் 20

அன்புள்ள ஷாக்குக்கு,

எர்த்தையெல்லாம் ஒரே திருகில் சேர்த்தேன். ஈ பறந்துவிட்டது. ஆசான் ஆசான்தான்.

நடுவில் ஒரு கூத்து. சுவிட்சைப் போட்டதும் சின்னப் பலகையில் இருந்து புகை கிளம்பிவிட்டது. தங்கச்சி தைத்துக்கொண்டிருந்த பாவாடையால் அமுக்கினாள். இப்போது பாவாடைக்காரி சண்டைக்கு வருகிறாள். தப்பு என்மேல்தான். கண்ணாடி போடாமல், சிவப்பு போடவேண்டிய இடத்தில் கறுப்பைப் போட்டுவிட்டேன். கரிந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததும் சரியாகிவிட்டது. நீ சொன்னதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த ஞாயிறு வருகிறேன். நான் வாசலில் நிற்கும்போது, "யார் வேணும்?" என்று கேட்டுவிடாதே. அதற்காகத்தான் இவ்வளவும்.

உன்,
டப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள டப்பா,

நீ வருகிறேன் என்று எழுதியிருந்தாய், வரவில்லை. உன்னைச் சொல்லி என்ன, சொன்ன சொல்லில் என்றைக்கு நின்றாய்?

ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு பெரியவர் வந்தார். என் மகள் மாமா மாமா என்று தாங்கினாள், மாப்பிள்ளை பக்கத்து உறவாக இருக்கும். தோளில் ஒரு கிடார், கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் ஆம்ப்ளிஃபயர், தானே செய்தாராம்! திறந்து பார்த்தேன். ஈயம் வைத்திருப்பது கோழி எச்சம் போட்டமாதிரி. ஆனால் எர்த் எல்லாம் ஒரே திருகில் இருந்தது. "யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்றேன். "ஒரு சிநேகிதர்ங்க" என்றார். "கெட்டிக்காரர்தான்" என்றேன்.

பிறகு வாசித்தார். நம் மெட்டு! நீ எப்போதும் தடுக்கி விழுவாயே, அதே இடத்தில் அவரும் விழுந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கான் சார், அவனும் சரியா இங்கதான் விழுவான்" என்றேன். பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வயசானால் கண்ணில் நீர் வடியும். நான்கூடச் சொன்னேன், நல்ல டாக்டராகப் பாருங்கள் என்று.

உன் பெட்டி என்ன ஆயிற்று? தொண்டை, இடி, நீ, மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

உன்,
ஷாக்

ஏப்ரல் 10

அன்புள்ள ஷாக்குக்கு,

உன் கடிதத்தைத் தங்கச்சி ஒருமுறை வாசித்தாள். இன்னொருமுறை வாசி என்றேன். பாதியில் எழுந்துபோய் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போதுதான் சமாதானமாகி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். கொஞ்சம் மந்தம், மற்றபடி நல்ல மனுஷன். இனி ஒவ்வொரு ஞாயிறும் வருவார். உள்ளே விடு. ஈயம் வைத்ததைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டு, கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த மெட்டில் விழுகிற இடத்தையும் திருத்திக் கொடு. சட்டென்று திருந்துகிற ஆள் இல்லை, பொறுமையாகச் சொல்.

என் பெட்டி இன்னும் முடியவில்லை. எனக்கும் இப்போதெல்லாம் எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. அந்த ரெஸிஸ்டரின் நிறத்தை மறுபடி எழுது. மறந்தால் திரும்பவும் கேட்பேன்.

மூன்று பேரையும் விசாரித்திருந்தாய். தொண்டைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. யாரோடும் பேசுவதில்லை. இடி வெளியூர் போனவன், திரும்புவதாகத் தகவல் இல்லை. மூன்றாவது ஆள் உயிரோடுதான் இருக்கிறான்.

இப்படிக்கு,
டப்பா