இரவல் நாற்காலிகள்

தேக்கா, சிங்கப்பூர்
12.8.1960

பிரியமுள்ள ரத்தினம்மா அக்காவுக்குத் தங்கை பூவம்மா எழுதிக்கொண்டது. அங்கே நீங்கள், அத்தான், கண்மணி மூவரும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். இங்கே நானும் மாணிக்கமும் சின்னவனும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இருக்கிறோம்.

சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். மாணிக்கத்துக்குக் கணக்கு வருகிறது, வாய் அதைவிட நன்றாக வருகிறது. மழை பெய்தால் எங்கள் அறையில் பாத்திரம் வைக்க இடம் போதவில்லை. மாடிப்படியின் மூன்றாவது பலகை உடைந்தது உடைந்தபடியேதான் கிடக்கிறது.

ஒரு நல்ல சேதி. அரசாங்க உதவிப்பணம் எனக்குக் கிடைத்துவிட்டது.

போன வருஷம் ஏன் கிடைக்கவில்லை என்று நீங்கள் கேட்டபோது, இல்லை என்றுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். நடந்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சரிந்து அவர் போன பிறகு மனுக் கொடுத்தேன் அல்லவா, வீட்டைப் பார்க்க ஆபீசரம்மா வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள். கீழ்வீட்டுக் கதீஜாவிடம் சொன்னேன். அவ்வளவுதான். "ஆபீசரம்மா வர்றாங்கன்னா தரையிலயா உக்கார வைப்பே? நம்ம மானம் என்னாவறது?" என்று அவள் வீட்டுப் பிரம்பு நாற்காலி இரண்டையும் மாடிக்கு ஏற்றிவிட்டாள். பின்னாலேயே ரேடியோ வந்தது, அதன்மேல் போட்ட பூவேலைத் துணியோடு. பீங்கான் கோப்பைகள் வந்தன. தன் பிள்ளைகளின் பெருநாள் சட்டைகளை என் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டாள். வாழைக்காய் பஜ்ஜிகூடப் போட்டாள் என்றால் பாருங்கள்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புருஷன் போனவள்தான், பிச்சைக்காரி இல்லை என்று விறைத்துக்கொண்டு நின்றேன். வந்தது ஒரு சீன அம்மா, கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழர். அந்த அம்மா காப்பி குடித்தார், பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்றார், ரேடியோவை ஒரு பார்வை பார்த்தார். வசதியுள்ள குடும்பம், உதவி தேவையில்லை என்று பதில் வந்தது. ஆபீசுக்கு ஓடினேன். நாற்காலி என்னுடையது இல்லை ஐயா, இரவல் என்று அழுதேன். அங்கிருந்தவர் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க லா. இனிமே அடுத்த வருஷம்தான் பாக்க முடியும்" என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷம்வரை வயிறு பொறுக்குமா? கண்மணி கஞ்சித் தண்ணீரும் தங்காமல் துவண்டு கிடந்தபோதுதான் நீங்களும் அத்தானும் மூவாரிலிருந்து வந்தீர்கள். எங்களுக்கோ பிள்ளை இல்லை, இவளை நாங்கள் வளர்க்கிறோம் என்று கேட்டீர்கள். மாணிக்கம் பள்ளிக்கூடம் போகிறவன், சின்னவன் பால் குடிக்கிறவன், நடுவில் நின்றவள் அவள்தான். அதற்காகவா ஒரு தாய் கொடுப்பாள்? கொடுத்தேனே அக்கா. பெற்றவளுக்கு ஈடாக முறைப்படி நீங்கள் போட்ட ஒரு பிடி தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தேன்.

இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டு வருவது கிடையாது. நாற்காலியைப் பார்த்து எழுதுவதும் கிடையாதாம். ஆபீசிலிருந்து சந்திரமதி என்று நம்ம பெண் ஒருத்தி வந்தாள். பாயிலேயே உட்கார்ந்தாள். "காலையில என்னக்கா ஆக்குனீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் அரிசிப்பானையைத் திறந்து பார்த்தாள். பானையில் என்ன இருந்தது, பானைதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கதீஜா பழக்கதோஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். "கீழே கொண்டு போடி, நீ நல்லாயிருப்பே" என்று கத்தினேன். பாவம், அவள் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நல்லது செய்யப்போய் வந்த வினைதானே.

இனிமேல் தலைக்கு இவ்வளவு என்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். எத்தனை பிள்ளைகள் என்று சந்திரமதி கேட்டாள். மூன்று என்றேன். அவள் அறையைச் சுற்றிப் பார்த்து, "இன்னொண்ணு எங்கேக்கா?" என்றாள். மூவாரில் என்றேன். "வீட்டுல இருக்கிற பிள்ளைங்களைத்தான் சேக்க முடியும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு இரண்டு என்று எழுதிக்கொண்டாள். நான் பெற்றது மூன்று அக்கா. என் வாயாலேயே சரி என்றேன்.

பணம் கூடக் கிடைக்கும் என்று இதை எழுதுகிறேனென்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் நான் செத்தேன். கிடைப்பதில் மூன்று பேருக்கும் கஞ்சி ஊற்ற முடியும், அதைத்தான் சொல்கிறேன். சோறில்லாமல் கொடுத்தேன், இப்போது சோறு இருக்கிறது. கொடுத்த பிள்ளையைத் திரும்பக் கேட்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். கேட்டால் சாதிசனம் காறித் துப்பும். துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா என்பதை விட்டுவிட்டு இப்போது அம்மா என்றே கூப்பிடுகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம் என்று நான் பதில் போட்டேன். பொய் அக்கா. அன்று அடுப்பே மூட்டவில்லை. ஆனால் அம்மை போட்டபோது வேப்பிலையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். சட்டை தைத்துப் போட்டு அழகு பார்ப்பதும் நீங்கள். அவள் இல்லாமல் உங்கள் வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என் வீடு அப்படித்தானே இருக்கிறது.

தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இப்போது உங்கள் காதைப் பிடிக்கிறாளா? பிடித்தால் விலக்கிவிடாதீர்கள், பாதித் தூக்கத்தில் பயந்துவிடுவாள்.

அனுப்ப மனம் வந்தால் ஒரு வரி போடுங்கள், நானே மூவாருக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். மனம் வராவிட்டால் பதிலே போடாதீர்கள். முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் அக்கா. கடிதம் வராவிட்டால், தபால்தான் தாமதம் என்று நான் இருந்துகொள்வேன்.

உங்கள் மகள் கண்மணி தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அவள் சித்தி
பூவம்மா