மயை

அக்கா,

யாரையும் கேட்கவில்லை. அந்த ஆற்றுக்காரியை நான்தான் கோட்டைக்குள் விட்டேன்.

உன் மாயாஜால நாவலில் வாயிற்காவலன் கேட்பது ஒரே ஒரு சொல்: மழை. அது வாயில் வராமல் "மயை" என்று சொல்லும் ஆற்றுக்காரியை அகழியில் தள்ளிவிடுகிறான். வாசகர்கள் அந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரிப்பதாகச் சொன்னாய். சிரிக்கத்தான் செய்வார்கள். நம் வீட்டு முன்னறையிலும் சிரித்தார்களே.

"எங்க தங்கச்சி மழைன்னு சொல்றதைக் கேளுங்கடி. சொல்லுடி, என் செல்லம்ல!"

சொல்வேன். உன் தோழிகள் சோபாவில் உருளுவார்கள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்குவார்.

அந்த உலகத்தை விரித்துச் சிறுகதைகள் எழுதித் தரச் சொன்னதும் நீதான். உனக்கு நேரமில்லையாம். எழுதினேன். என் கதையில் அவள் அகழியிலிருந்து ஏறி வந்து மறுபடியும் "மயை" என்கிறாள். வானம் அதற்கும் பெய்கிறது. காவலன் நனையாமல் ஒதுங்குகிறான். அவள் உள்ளே போகிறாள்.

"என் உலகத்துல கை வைக்க நீ யாருடி?" என்று போனில் கத்தினாய். பிறகு குரலை இறக்கி, "கதை முழுக்க ஒரே எழுத்துப்பிழை. நானே திருத்திட்டேன்" என்றாய். பார்த்தேன். எல்லா மயையையும் மழையாக்கியிருக்கிறாய்.

எனக்கு ழகரம் நாக்கில்தான் வராது. கையில் வரும். அது உனக்கும் தெரியும்.

உன் திருத்தங்களை எல்லாம் நீக்கிவிட்டு, கதையை இன்று காலை பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.

உன் தங்கை